மேஜைக்கு அடியில் ஒரு நாய்

உங்களுக்கு ஏழாம் வகுப்பு எடுத்த வாத்தியார்களில் இப்போதும் யாரெல்லாம் ஞாபகத்தில் இருக்கிறார்கள்? சட்டென்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக இரண்டு பேர்தான் வந்து நிற்பார்கள். ஒருவர், நன்றாக அடித்தவர். இன்னொருவர், நன்றாகச் சிரிக்கவைத்தவர். நடுவில் ஒழுங்காகப் பாடம் நடத்திவிட்டுப் போன பாவப்பட்ட மனிதர்களின் பெயர்கூட நமக்கு ஞாபகம் இருக்காது!

நான் முதல் ரகமாக வேலைக்குச் சேர்ந்து, இரண்டாவது ரகமாக மாறியவன். மாறியதில் எனக்கு ரொம்பவே பெருமை இருந்தது. அந்தப் பெருமை எந்த இடத்தில் உடைந்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை பார்த்தது ராஜபாளையத்தில், ஒரு நடுநிலைப் பள்ளியில். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். ஆனால், பெருமை பேசுவதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ராஜபாளையத்துக்காரர்கள் பஞ்சாலையைச் சொல்வார்கள், நாயைச் சொல்வார்கள், 1949-ல் சென்னை மாகாணத்தின் முதல்வரான பி.எஸ்.குமாரசாமி ராஜாவைச் சொல்வார்கள். நாங்கள் ஆண்டாளைச் சொல்வோம், கோபுரத்தைச் சொல்வோம், தேரைச் சொல்வோம். அதற்கும் மசியவில்லை என்றால், பால்கோவாவை எடுத்து நீட்டிவிடுவோம். அத்தோடு பேச்சு முடிந்தது!

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ஏழாம் வகுப்பு. 53 பேர். "நான் வில்லிபுத்தூர்லேர்ந்து வர்றேன்" என்று ஆரம்பித்ததுமே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"சார், பால்கோவா கொண்டாந்தீங்களா?"

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. குரல் வந்த திசையில் உத்தேசமாக இரண்டு பேரை எழுப்பி, உள்ளங்கையில் ஆளுக்கு இரண்டு வைத்தேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் முழுக்க என் பெயர் 'பால்கோவா சார்'. அடித்ததற்குக் கிடைத்த பலன் அது ஒன்றுதான். ஒரு மாதம் கழித்து, என்னைக் கூப்பிட ஆள் அனுப்பிய தலைமை ஆசிரியரே, "அந்த பால்கோவா சாரை..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்கள் இப்படியே பிரம்பும் கையுமாக ஓடின. தமிழ்நாடு கல்வி விதிகளில், பிள்ளைகளை அடிக்க இடம்கொடுத்துக்கொண்டிருந்த 51-வது விதியை 2003-ல் அரசு திருத்தியது. அந்தச் செய்தி வந்த அன்று ஆசிரியர் அறை இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது.

"பிரம்பையும் கீழ வச்சாச்சு. இனிமே எதைக் கொண்டு சார் இவனுங்கள அடக்குறது?" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர்.

நியாயமான கேள்விதான். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, வேர்க்க விறுவிறுக்க விளையாடிவிட்டு வந்து உட்கார்கிற 53 பிள்ளைகள். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயசு. கைதட்டிப் பாடச் சொன்னால் கூச்சப்படுவார்கள். மிரட்டினால் முறைப்பார்கள். குழந்தையும் இல்லை, பெரிய ஆளும் இல்லை. இந்தக் கூட்டத்தை வெறுங்கையோடு எப்படி உட்காரவைப்பது?

பஸ்ஸில் படிக்க நண்பர் ஒருவர் கொடுத்த புத்தகம்தான் வழி காட்டியது. 'பகல் கனவு'. குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா என்ற கல்வியாளர் 1930-களின் தொடக்கத்தில் எழுதியது. அதில் வருகிற வாத்தியார் பெரிய பெரிய கற்பனைகளோடு வகுப்புக்குள் போய், முதல் நாளே அமைதி விளையாட்டு நடத்துவார். பிள்ளைகள் கத்திக் கூச்சல்போட்டு அவரை ஒருவழியாக்கிவிடுவார்கள். தோற்றுப்போன மனிதர் மறுநாள் கதை சொல்ல ஆரம்பிப்பார். அப்புறம்தான் வகுப்பு அவர் கைக்கு வரும். அந்த முதல் நாள் தோல்வியைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அந்த பஸ்ஸிலேயே யோசனையும் வந்தது. பிள்ளைகளின் சத்தத்தை அடைக்க முடியாது. ஆனால், அதற்கென்று ஒரு இடத்தையும் நேரத்தையும் ஒதுக்கிக் கொடுக்கலாம் அல்லவா?

முதலில் அட்டெண்டன்ஸை மாற்றினேன். ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கி, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கண்டக்டராக உள்ளே நுழைந்தேன். "டிக்கெட்... டிக்கெட்... படியில நிக்காத, உள்ள வா!" பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' கிடையாது. ஆளுக்கு ஒரு ஊர் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்ன ஊரை இன்னொருவர் சொல்லக் கூடாது. சேத்தூர், தளவாய்புரம், சத்திரப்பட்டி, கிருஷ்ணன்கோவில், மல்லி என்று வண்டி கிளம்பும். ஒருத்தன் எழுந்து "அமெரிக்கா" என்றான். "இந்த வண்டி கிருஷ்ணன்கோவில் வரைக்கும்தான் போகும், எறங்கிக்கோ" என்றேன். தாமதமாக வருகிறவனுக்கு ஃபுட்போர்டு டிக்கெட்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் சொல்லப்போகிற ஊரை முன்னாலேயே யாரும் சொல்லிவிட்டார்களா என்று தெரிய வேண்டுமானால், மற்றவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும். நான் ஒரு தடவைகூட 'சைலன்ஸ்' என்று கத்தவில்லை. ஊர்கள் தீர்ந்த பிறகு மாநிலத் தலைநகரங்கள், அப்புறம் நதிகள். ரிஜிஸ்டரில் கடைசியாகப் பெயர் வருகிற பிள்ளைகள் நதிக்காகத் தேசப்படத்தைப் புரட்டிக்கொண்டு வந்தார்கள். நான் சமூக அறிவியல் வாத்தியார். எனக்கு வேறென்ன வேண்டும்!

அடுத்தது தேர். வகுப்பிலிருந்து மைதானத்துக்குப் போவதற்குள் இருபது சண்டை நடக்கும். எங்கள் ஊரில் ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடும்போது பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அந்த மலையை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற சில பேர்தான். நானும் ஒரு நீளமான கயிறு வாங்கினேன். இரண்டு வரிசை. எல்லோரும் வடம் பிடிக்க வேண்டும். 'ஏலேலோ ஐலசா' பாடிக்கொண்டே நகர வேண்டும். வகுப்பிலேயே அதிகச் சேட்டை பண்ணுகிறவனைக் கூப்பிட்டு, "நீதாம்ப்பா கட்டை போடுறவன். நீ கையத் தூக்கி 'கட்டை'ன்னா தேர் நிக்கணும். நானா இருந்தாலும் நிக்கணும்" என்றேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அதுவரை எல்லோரும் அவனைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அவன் யாரையும் நிறுத்தியதில்லை.

மூன்றாவதுதான் வெள்ளையன்.

ராஜபாளையம் நாயைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, ஒல்லியான வயிறு, ஒரு ஜமீன் தோரணை. அப்படி ஒரு நாய் என் மேஜைக்கு அடியில் படுத்திருப்பதாகப் பிள்ளைகளிடம் சொன்னேன். நிஜத்தில் அங்கே என் செருப்பும் சாப்பாட்டுத் தூக்குவாளியும்தான் இருந்தன. "பேரு வெள்ளையன். ராத்திரி பூரா காவலுக்குப் போயிட்டு இப்பத்தான் படுத்திருக்கான். சத்தம் கேட்டா முழிச்சுக்குவான். முழிச்சான்னா வீட்டுப் பாடம் கேப்பான்."

வகுப்பில் இரைச்சல் ஏறினால், பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாகக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்ப்பேன். அவ்வளவுதான். "ஏய், வெள்ளையன் பொரள்றான்டா... சும்மா இருங்கடா" என்று அவர்களே அடங்கிவிடுவார்கள். நாய் இல்லை என்று 53 பேருக்கும் தெரியும். இருந்தாலும், இருப்பதாக வைத்துக்கொள்வதில் எல்லோருக்கும் சம்மதம். பாதிச் சப்பாத்தியை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போன பிள்ளைகள்கூட உண்டு.

பிரம்பு போன இடம் தெரியவில்லை. மற்ற வகுப்பு ஆசிரியர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். தினமும் சாயங்காலம் வில்லிபுத்தூர் பஸ்ஸில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறையாக உட்கார்ந்து வருவேன்.

* * *

2004, நவம்பர். தீபாவளி முடிந்த சமயம். மத்தியானம் இரண்டாவது பீரியட். நதிகள் பாடம். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை, தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கறுத்து, மெலிந்த பிள்ளை. அதிகம் பேச மாட்டாள். பழைய நானாக இருந்தால், சாக்பீஸ் பறந்திருக்கும். இப்போது நான்தான் சிரிக்கவைக்கிற வாத்தியார் ஆயிற்றே! மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"வெள்ளையா, ஒனக்குத் தொணைக்கு ஒரு ஆள் கெடச்சிருச்சு. ரெண்டு பேரும் ராத்திரி சேர்ந்தே காவலுக்குப் போனீங்களோ?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவள் திடுக்கிட்டு எழுந்து, எதற்கு என்று புரியாமலே தானும் கொஞ்சம் சிரித்தாள். நல்ல ஜோக் என்றே அன்று நினைத்தேன். பஸ்ஸிலும் நினைத்துச் சிரித்தேன்.

நான்கு நாள் கழித்துத்தான் அவள் வரவில்லை என்பது உறைத்தது. கண்டக்டர் பெயர் கூப்பிடுகிறார், ஊர் வரவில்லை. பக்கத்துப் பிள்ளையிடம் விசாரித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எல்லாரும் அவள வெள்ளையம்மா, வெள்ளையம்மான்னு கூப்புடுறாங்க சார். தெருவுலயும் கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க."

"யாரு இந்தப் பேர வச்சது?"

"நீங்கதான சார் வச்சீங்க."

நான் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனால், வைத்தது நான்தான். கறுப்பாக இருக்கிற பிள்ளைக்கு வெள்ளையம்மா. ஒரு பக்கம் நாய், மறு பக்கம் நிறம். இரண்டு பக்கமும் கூர்மையான கத்தியைச் சிரித்துக்கொண்டே வகுப்பின் கையில் கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வில்லிபுத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்த்திசை டவுன் பஸ்ஸில் ஏறினேன். ராஜபாளையத்தைச் சுற்றி, சத்திரப்பட்டி பக்கமெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் அதிகம். ஆஸ்பத்திரியில் நம் காயத்துக்குக் கட்டுகிற அந்த வெள்ளைத் துணி இந்த மாதிரித் தெருக்களிலிருந்துதான் போகிறது. அப்படி ஒரு தெருவில் அவள் வீடு. வீட்டுக்குள்ளேயே ஒரு விசைத்தறி. 'டக்கடக்க டக்கடக்க' என்று காதைப் பிளக்கும் சத்தம். பக்கத்தில் நின்று கத்தினால்தான் பேச்சு கேட்கும்.

"வாங்க சார். வயித்து வலின்னா... நானும் சுக்கு வெந்நி வச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன்" என்றார் அவளுடைய அம்மா. அவள் தறிக்குப் பின்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைப்பதற்காக, சின்னக் குச்சியில் நூல் சுற்றுகிற வேலை.

"என்னம்மா, பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரல?" என்று கேட்டேன். தலை குனிந்தே இருந்தாள். இரண்டு, மூன்று தடவை கேட்ட பிறகு, உதடு அசைந்தது. தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்றேன். இந்த முறை கத்தினாள்.

"நாய் வேணாம் சார்!"

அம்மா தறியை நிறுத்தினார். திடீரென்று அத்தனை அமைதி. அப்படி ஒரு அமைதியை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

"என்ன நாயி?" என்றார் அம்மா.

ஒன்று விடாமல் சொன்னேன். எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த வீட்டு வாசலில் நடத்திய பாடம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் எங்கூட ஒக்காந்து தார் சுத்துறா சார். சரக்கு குடுக்குற அவசரம். நாந்தான் அவளப் படுக்க விடல. வைய்யிறதா இருந்தா என்னைய வைங்க சார். அவள எதுக்கு?"

நான் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். 'தெரியாம சொல்லிட்டேன்' என்று மழுப்பாமல், "நான் சொன்னது தப்பும்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் மறுபடி கேட்டாள்: "நாய் இருக்காதுல்ல சார்?"

* * *

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே யோசனை. எனக்கும்தான் பட்டப்பெயர் வைத்தார்கள். பால்கோவா சார் என்றால், இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அவளுக்கு ஏன் அப்படி ஆகவில்லை?

விடை சுலபமானது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் கீழேயிருந்து மேலே வந்தது. கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த என்னை அது லேசாகத் தட்டிவிட்டுப் போயிற்று. நான் வைத்தது மேலேயிருந்து விழுந்தது. தேங்காய் கீழேயிருந்து மேலே போனால் விளையாட்டு. மேலேயிருந்து கீழே விழுந்தால் மண்டை உடையும்.

பிரம்படி ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். அடிக்கும்போது வகுப்பில் பாதிப் பேராவது அடிபடுகிறவன் பக்கம் இருப்பார்கள். கேலி பண்ணும்போது வாத்தியாரோடு சேர்ந்து 52 பேர் எதிர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். அந்தப் பிள்ளை தனியாக நிற்கிறது. அது போதாதென்று, அந்தப் பிள்ளையும் நம்மோடு சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது!

பின்னாளில் வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தறி வீடுதான் கண்ணில் வந்து நின்றது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். "வெள்ளையன் இனிமே இங்க இல்ல. நான் அவனை வச்சு ஒருத்தரக் கேலி பண்ணிட்டேன். அது என் தப்பு. அந்தப் பேர இனிமே யாரும் சொல்லக் கூடாது." வகுப்பு வாடிப்போய்விட்டது. "சார், அவன் எங்க சார் போனான்?" என்று ஒருத்தன் கேட்டான். "வேலை தேடிப் போயிருக்கான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அதற்கடுத்த நாள் அவள் வந்தாள். முதல் வேலையாகக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். செருப்பும் தூக்குவாளியும். போய் உட்கார்ந்துகொண்டாள்.

கூடவே ஒரு புது விதியும் கொண்டுவந்தேன். தேருக்கு இருந்த 'கட்டை'யை வகுப்புக்கும் வைத்தோம். யார் என்ன கேலி பேசினாலும், அது பிடிக்காத பிள்ளை 'கட்டை' என்று கையைத் தூக்கினால் போதும். பேச்சு அங்கேயே நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. பேசியது வாத்தியாராக இருந்தாலும் அதே விதிதான். முதல் வாரம் சும்மா வேடிக்கைக்கே ஆளாளுக்குக் 'கட்டை' போட்டார்கள். வீட்டுப் பாடம் என்று ஆரம்பித்தாலே ஐம்பது கட்டை! பத்து நாளில் அது அடங்கியது. அப்புறம் போட்ட கட்டையெல்லாம் நிஜக் கட்டை. எனக்கே ஒன்பதோ பத்தோ விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும், 'இதில் என்ன இருக்கு' என்றுதான் முதலில் தோன்றும். வீட்டுக்குப் போய் யோசித்தால் தெரியும், என்ன இருந்தது என்று.

2005 ஜனவரி. காலையில் நான் வகுப்புக்குள் நுழைவதற்குள்ளேயே ஒரே கூச்சல். நம் கட்டை போடுகிற பையன் ஒரு பேப்பர் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"சார்! சார்! வெள்ளையனுக்கு வேலை கெடச்சிருச்சு சார்!"

வாங்கிப் பார்த்தேன். இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டிருந்தது. அதில் ஒன்றில், ராஜபாளையம் நாய்!

"தபால் ஆபீஸ்ல வேலை சார். கவர்மெண்ட் உத்தியோகம்!"

வகுப்பே கைதட்டியது. நான் பயந்துகொண்டே மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன். அவள் கை மேலே வரப்போகிறதா என்று. வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து ஒட்டவைத்துக்கொண்ட சிரிப்பு இல்லை, அவளுடைய சொந்தச் சிரிப்பு. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கண்டுகொண்ட நாள் அது.

* * *

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன வருடம் ஒரு வேலையாக ராஜபாளையம் போயிருந்தேன். பஞ்சு மார்க்கெட் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "பால்கோவா சார்!" என்று ஒரு குரல். கையில் ஒரு பெண் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவளே சொன்னாள். மகளுக்கு ஒன்பது வயதாம்.

"இவ ஸ்கூல்ல ஒரு டீச்சர் சிரிச்சுக்கிட்டே இவளுக்கு ஒரு பேரு வச்சிட்டாங்க சார். நேத்து நேராப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். 'எங்க சாரே எங்க வீட்டுக்கு வந்து தப்புன்னு சொன்னாரு, நீங்களும் யோசிச்சுப் பாருங்க'ன்னேன்."

இருபது வருடம் ஆகியிருக்கிறது. ஒன்றையும் அவள் மறக்கவில்லை. நான் சொன்ன ஜோக்கையும் மறக்கவில்லை, கேட்ட மன்னிப்பையும் மறக்கவில்லை. இரண்டில் எதற்காக என்னை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் வாத்தியாராக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், மாமாவாக, சித்தியாக இருக்கலாம். உங்களுக்குக் கீழே நிற்கிற ஒரு பிள்ளைக்குச் சிரித்துக்கொண்டே ஏதாவது பெயர் வைத்திருக்கிறீர்களா? அந்தப் பெயரைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை எந்தச் சிரிப்பைச் சிரிக்கிறது என்று இன்றைக்கு ஒருமுறை பாருங்களேன்.

வில்லிபுத்தூர் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கீழேயிருந்து கேட்டாள்:

"சார், வெள்ளையன் இன்னும் தபால் ஆபீஸ்லதான் வேலை பாக்குறானா?"

"இல்லம்மா... அவனும் ரிட்டயர் ஆயிட்டான்!"